நாக்கில் படாத பெட்டிஸ்

கோழி பெட்டிஸ் செய்யக் கோழி வேண்டும், மா வேண்டும், உப்புப் பார்க்க ஒரு நாக்கு வேண்டும். அந்த மாசி மாதத்து வெள்ளிக்கிழமை துரை பங்களாக் குசினியில் முதல் இரண்டும் என் முன்னால் இருந்தன. மூன்றாவது கிடைக்கவில்லை. அந்தத் தேயிலை மலையில் அத்தனை லயத்து வீடு, அத்தனை வாய். ஒரு துண்டுக் கோழியை மென்றுவிட்டு, “உப்பு சரியா இருக்கு” என்று சொல்ல ஒருவரும் அகப்படவில்லை. இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

முழங்காலிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. என் வீட்டுக்காரர் நெருப்புக் காய்ச்சலில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஐந்து வயது மகளும் நானும் மேல் லயத்துக் கடைசிக் காம்பிராவில், அந்த ஒற்றை அறையில், இருந்தோம். ஐப்பசி மழையில், முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு வழுக்கி மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தேன். டிக்கோயா ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்திவிட்டார்கள். ஆனால் முழங்கால் பழையபடி மடங்கவில்லை. தட்டையான இடத்தில் நடப்பேன். மலை ஏறினால் பாதியில் கால் நின்றுவிடும்.

கொழுந்து பறிக்கிறவளுக்கு மலை ஏற முடியாது என்றால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. தினமும் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் பதிய வேண்டும். பேர் இல்லை என்றால் காம்பிரா இல்லை. கங்காணி நல்ல மனிதர்தான். “கொஞ்ச நாள் பாப்போம் புள்ள” என்றார். கொஞ்ச நாளுக்குப் பிறகு எங்கே போவேன் என்பது எல்லாருக்கும் தெரியும். மஸ்கெலியாவில் அண்ணன் வீடு இருந்தது.

அண்ணியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தன் அடுப்புக்கு முன்னால் இன்னொருத்தி நிற்பதை அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான். கால் முறிந்த புதிதில் அங்கே பத்து நாள் இருந்தேன். ஒரு காலையில் என் மகள் இரண்டாவது ரொட்டிக்குக் கை நீட்டினாள். அண்ணி தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிள்ளை கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிட்டேன். இனி என் பிள்ளை என் அடுப்பில் சுட்ட ரொட்டியைத்தான் தின்னும் என்று பஸ்ஸுக்குள்ளேயே முடிவு செய்தேன். மூளியானாலும் என் சட்டி என் சட்டிதான்.

கால் தேறும் வரை லேசான வேலையாக இருக்கட்டும் என்று கணக்கப்பிள்ளை என்னைப் பங்களாக் குசினிக்கு அனுப்பினார். மரக்கறி வெட்டுவது, பாத்திரம் தேய்ப்பது, அடுப்புக்கு விறகு எடுத்துக் கொடுப்பது. சமையல் எல்லாம் அப்பு, பங்களாச் சமையல்காரரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் தெற்கே காலிப் பட்டணத்துப் பக்கத்து மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மஞ்சள் படாமல் சமைப்பார். அவருடைய பெட்டிஸுக்குத் தலவாக்கலை வரைக்கும் பேர். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரும் துரைசாணிமாரும் பந்தாட வருவார்கள். ஆடி முடித்துத் தேத்தண்ணிக்கு உட்காரும்போது கோழி பெட்டிஸ் சுடச்சுட மேசையில் இருக்க வேண்டும்.

மா பிசையும் நேரத்தில் மட்டும் அப்பு எங்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். வித்தையை ஒளிக்கிறாராம். முதுகுக்கு இரண்டு பக்கமும் இடம் இருக்கிறதே! நான் செம்பைத் தேய்த்துக்கொண்டே பார்த்தேன். மாவில் கொழுப்பைப் போட்டு நுனிவிரலால் உதிர்த்தார். தண்ணீர் தெளித்துப் பிசைந்தார். தேய்த்து வட்டமாக வெட்டி, நடுவில் கோழியை வைத்து, பிறை மாதிரி மடித்து ஓரத்தை ஒட்டினார். பார்த்ததும் எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல் இருந்தது. இது நம்முடைய சோமாசி! தீபாவளிக்கு லயத்தில் எந்த வீட்டில் சுடவில்லை? உள்ளே தேங்காய்ப்பூவும் சீனியும் வைக்கிற இடத்தில் கோழியை வைத்திருக்கிறார். இதற்குத்தான் இத்தனை முதுகா என்று நினைத்தேன்.

ஆறு வெள்ளிக்கிழமை போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை அப்புவுக்குத் தந்தி வந்தது. ஊரில் அவருடைய அண்ணனுக்குச் சுகமில்லை, சாப்பாட்டுக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. மறுநாள் காலை ரயிலுக்கே போய்விட்டார். இனித் திரும்பி வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். துரைசாணி குசினிக்கு வந்து, அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றார். வெள்ளிக்கிழமை ஆட்கள் வருகிறார்கள். நுவரெலியாவிலிருந்து வேறு அப்புவைக் கூப்பிட்டாலும் திங்கட்கிழமைக்கு முன் வந்து சேரமாட்டார்.

வெட்டிக்கொண்டிருந்த கரட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

“நான் செய்றேன் தொரசாணி.”

அவர் திரும்பினார். எங்கள் தமிழை அவர் துண்டு துண்டாகப் பேசுவார், ஆனால் எல்லாம் விளங்கும். “நீ? பெட்டிஸ் தெரியும்?”

“தெரியுங்க.”

பார்த்ததெல்லாம் தெரிந்ததாகிவிடாது. ஆனாலும் சொல்லிவிட்டேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

துரைசாணி என் முகத்தைப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். “சரி. நல்லா வந்தா, நீ குசினி. நல்லா இல்லேன்னா, திங்கக்கெழமை நீ மலை.”

மலை என்றால் எனக்கு மஸ்கெலியா. அவருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

அன்று சாயந்தரம் நொண்டிக்கொண்டே பாடிக்கொண்டு லயத்துக்கு வந்தேன். மேட்டைக் கடந்ததும் பொட்டலிலிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. கால் அப்படியே நின்றுவிட்டது. காமன் கம்பம் ஊன்றி ஐந்து நாள் ஆகியிருந்தது. நான் விரதம்.

மாசியில் மூன்றாம் பிறை தெரிந்தால் எங்கள் லயத்தில் கம்பம் ஊன்றி, மன்மதன் ரதி கதையை ஆடத் தொடங்குவார்கள். பௌர்ணமி வரைக்கும் ஆட்டம். சிவன் நெற்றிக்கண்ணால் மன்மதனை எரிப்பார். ரதி அழுது புரள்வாள். மூன்றாம் நாள் மன்மதன் எழுந்து வருவான். அதுவரைக்கும் லயத்தில் கவிச்சி இல்லை. வேஷம் கட்டுகிறவர்கள் வீட்டில் ரொம்பக் கடுமை.

என் வீட்டுக்காரர் ரதி வேஷம் கட்டுவார். மெலிந்த உடம்பு, நல்ல குரல். என்னுடைய கூறைச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு ஆடுவார். அவர் அழுகிற அழுகையில் கங்காணியே கண்ணைத் துடைப்பார். காய்ச்சலில் அவர் படுத்தபோது கம்பத்தடியில் விழுந்து, “இந்த மனுசன எழுப்பிக் குடு, சாகுற வரைக்கும் மாசிக்கு மாசி வெரதம் இருக்கேன்” என்று நேர்ந்துகொண்டேன். அவர் எழும்பவில்லை. கதையில் ரதிக்கு மன்மதன் திரும்பக் கிடைத்தான். ரதியாக ஆடினவர் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியானால் நேர்ச்சை எதற்கு என்று பலர் கேட்டார்கள். சாமி வாக்குத் தவறினால் தவறட்டும், நான் தவறுவதாக இல்லை. கோபம் என்று சொன்னாலும் சரி, பக்தி என்று சொன்னாலும் சரி. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஆக, கோழியைச் சமைப்பேன், வாயில் வைக்க மாட்டேன். சமைப்பதும் குற்றம் என்று லயத்தில் இரண்டு பேர் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நின்று பேசினார்கள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசினார்கள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன்:

“கையால தொட்டா கையக் கழுவணும். நாக்கால தொட்டாத்தான் வெரதம் போகும். நான் ரெண்டையும் பாத்துக்கிறேன், நீங்க தண்ணி புடிங்க.”

அவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஆனால் உப்பு விஷயம் என்னைக் குடைந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. கூடினாலோ குப்பைக்குக்கூட ஆகாது. நாளைக்கு நூறு தடவை செய்து கை பழகின பிறகு பார்க்காமலே போடலாம். முதல் தடவை, அதுவும் வேறு ஆட்களுடைய பண்டம். யாராவது ருசி பார்த்தே ஆக வேண்டும்.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். பக்கத்துக் காம்பிரா அக்கா வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். பங்களாவுக்குப் பால் கொண்டு வருகிறவர் அவர்தான். எனக்கு அவரைவிட்டால் லயத்தில் வேறு நெருக்கம் கிடையாது. காமன் காலத்தில் எங்கள் வீடுகளில் பருப்பும் கீரையும் கொதிக்கும்போது அவர் வீட்டுச் சுவரைத் தாண்டிக் கருவாட்டு வாசம் வரும். அந்த வாசத்தை வைத்து அவருக்கு எந்தக் கட்டும் இல்லை என்று நானே எண்ணிக்கொண்டேன். கேட்டு வைக்கக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை பால் ஊற்ற வரும்போது, கொஞ்சம் இருந்து ஒரு வாய் பார்த்துவிட்டுப் போகச் சொல்லலாம் என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பங்களாவின் காவல்காரர் பின்பக்கம் கோழியை அறுத்து உரித்துக் கொடுத்தார். அக்கா பால் செம்போடு குசினி வாசலுக்கு வந்தார். “அக்கா, அப்புறமா ஒருக்கா வந்து கோழி ருசி பாத்துட்டுப் போங்க” என்றேன்.

அவர் செம்பை இறக்காமலே என்னைப் பார்த்தார். “என்னா புள்ள நீ? இன்னிக்கி வெள்ளிக்கெழமை. தவக்காலம் தொடங்கியாச்சே. சாம்பல் பூசி ஒம்பது நாளாவுது.”

“கருவாடு பொரிச்சீங்களே!”

“கருவாடு திங்கலாம். கோழி ஆகாது. நாப்பது நாளைக்கும் நான் எறச்சி தொடுறதில்ல.”

பத்து வருடம் ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம். அவர் என் விரதத்தை அறிவார். நான் அவருடையதை அறியவில்லை. கருவாட்டு வாசத்தோடு என் ஆராய்ச்சி முடிந்துவிட்டிருந்தது. வெட்கமாக இருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் செம்பைக் கீழே வைத்தார். “திங்கக்கெழமை கதை எனக்குத் தெரியும். நீ மஸ்கெலியாவுக்குப் போனா எனக்கு மட்டும் நல்லா இருக்குமா? ஒரு வாய் வெக்கிறேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெய்யாகவே செய்திருப்பார். அதுதான் என்னை உலுக்கியது. என் விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டு அவருடையதை உடைக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

“வேணாம் அக்கா. ஒங்க நோன்ப ஒடச்சு வர்ற வேலை எனக்கு வேணாம்.”

“பெறகு என்னா செய்வ?”

“செய்வேன்” என்றேன். எப்படி என்று தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ரொட்டிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நானா வந்தார். டவுன் பேக்கரியிலிருந்து பங்களாவுக்கு ரொட்டி கொண்டு வருகிற முஸ்லிம் ஆள். எந்த வீட்டுச் சோற்றுக்கும் ஒரு குறை சொல்லிவிட்டுப் போகிறவர். இவரைவிட நல்ல நாக்கு உண்டா என்று ஓடிப்போய்க் கேட்டேன். நானா பெட்டியை இறக்கிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“நோம்பு தங்கச்சி! எச்சில முழுங்கவே யோசிக்கிற நேரம். பொழுது படட்டும், நானே ஒரு கோழி அறுத்துத் தாறேன், ரெண்டு துண்டு இல்ல, ஒரு சட்டியே திங்கிறேன்.”

தேத்தண்ணி நாலு மணிக்கு. பொழுது படும்போது என் கதை முடிந்துபோயிருக்கும்.

அந்த வருடம் மூன்று பிறையும் ஒரே பிறையாக வந்து விழுந்திருந்தது. எங்களுக்குக் காமன், அக்காவுக்குத் தவக்காலம், நானாவுக்கு நோன்பு. பங்களா ஆயாவும் காவல்காரரும் எங்கள் லயம்தான், கேட்டுப் பயனில்லை. குசினிப்படியில் உட்கார்ந்து, கடவுள்மார் எல்லாரும் கூடிப் பேசி என் பெட்டிஸுக்குத்தான் இந்தக் கிழமையைக் குறித்தார்களா என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். பிறகு எழுந்து அடுப்பை மூட்டினேன்.

நாக்கு வேறு, விரதம் வேறு என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. கோழி படாத எதையும் நான் ருசி பார்க்கலாமே! தண்ணீரைக் கொதிக்க வைத்து, மிளகும் கறுவாப்பட்டையும் உப்பும் போட்டு, கோழி இறங்குவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன். கஞ்சிக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தூக்கலாக வைத்தேன். கோழி குடிக்குமே. உருளைக்கிழங்கை அவித்து மசித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கலந்து அதையும் தனியாகப் பார்த்தேன். எதைப் போட்டாலும் குசினியில் இருந்த சின்னப் பித்தளைக் கரண்டியால் மட்டம் தட்டிப் போட்டேன். கண்ணளவு, கையளவு எல்லாம் நாக்கு உள்ளவர்களுக்கு. எனக்கு அன்றைக்குக் கரண்டிதான் நாக்கு.

வெந்த கோழியை நார் நாராகப் பிய்த்து, கிழங்கோடு சேர்த்துப் புரட்டினேன். அதற்குப் பிறகு என் நாக்குக்குக் கதவு சாத்தியாயிற்று. வாசம் மட்டும்தான் எனக்குப் பாக்கி. நல்ல வாசம். விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வயிறு இழுத்துப் பிடித்தது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வார்கள். வாய்க்கு அருகில் கொண்டுவந்து மணந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது அதைவிடப் பெரிய வதை.

மாவுக்குக் கொழுப்பு டின்னைத் திறந்தேன். மாட்டுக் கொழுப்பு. அப்பு அதைத்தான் போடுவார். கோழியைத் தொட்டதற்கே சாயந்தரம் பீலித் தண்ணீரில் தலை முழுக வேண்டும். இதைத் தொட்டால் மகாவலி ஆறே வந்தாலும் போதாது. டின்னை மூடினேன். தேங்காயைத் துருவிக் கெட்டிப் பால் எடுத்து, வெண்ணெயை உருக்கி, அதில் மாவைப் பிசைந்தேன். சோமாசிக்கு என் அம்மா அப்படித்தான் பிசைவார். ஓரத்தை அப்பு முள்ளுக்கரண்டியால் அழுத்துவார். நான் விரலால் கயிறு முறுக்குவது போல் முறுக்கி ஒட்டினேன். எண்ணெய்க்குள் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

கலவை கொஞ்சம் மிச்சம் இருந்தது. அப்போது பூந்தோட்டம் பார்க்கிற சிங்களவர் வெந்நீர் கேட்டு வாசலுக்கு வந்தார். அவருக்கு அன்றைக்கு எந்தக் கட்டும் இல்லை! ஒரு உருண்டை கொடுத்து முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அடக்கியிருந்த வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, மறு கன்னத்தில் கோழியை மென்றார். “ஹொந்தாய், ஹொந்தாய்” என்றார், நன்றாக இருக்கிறதாம். உப்பா என்று கேட்டேன். “ஹொந்தாய்.” காரமா? “ஹொந்தாய்.” விடிந்ததிலிருந்து பொழுது படும் வரை சுண்ணாம்பும் புகையிலையும் அடக்குகிற வாய். அதில் மண்ணைப் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும்.

நாலு மணிக்கு ஆயா தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். நான் குசினிச் சுவரில் சாய்ந்து நின்றேன். விறாந்தையில் சிரிப்புக் கேட்டது, கரண்டிச் சத்தம் கேட்டது. என்னால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயா திரும்பி வந்தாள்.

“திங்கிறாங்களா?”

“திங்கிறாங்க.”

“மொகம் எப்படி இருக்கு?”

“வெள்ளையா இருக்கு” என்றாள் அந்தப் பாவி.

ஆட்களின் கார்கள் போன பிறகு துரைசாணி குசினிக்கு வந்தார். கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரே ஒரு பெட்டிஸ். முகத்தில் சிரிப்பில்லை. தட்டை என் முன்னால் நீட்டினார்.

“இத நீ தின்னு.”

“வேணாங்க தொரசாணி.”

“தின்னு பாரு. மா நல்லா இருக்கு, அப்பு மாதிரி இல்ல, அத விட நல்லா இருக்கு. உள்ள உப்பு கொறவு. எல்லாரும் மேசையில உப்பு போட்டாங்க. நீ தின்னு பாக்கலியா?”

“இல்லைங்க.”

“ஏன்? நீ சமைச்சது நீயே திங்க மாட்டே?”

அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது, சமைத்தவள் தொடாத சாப்பாட்டை யாருக்குத்தான் நம்பிக்கையோடு தின்ன முடியும்? ஒரு கடி கடித்துவிட்டால் போதும். குசினி என்னுடையது, காம்பிரா என்னுடையது, மகளுக்கு அவள் அம்மாவின் ரொட்டி. பெட்டிஸ் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. பொட்டலில் ஆடுகிற யாரும் என்னைப் பார்க்கப் போவதில்லை. ஆனால் காலையில் அக்கா ஒரு வாய் வைக்கிறேன் என்றபோது வேண்டாம் என்று சொன்னவள் நான். அதை இப்போது நானே செய்தால் நாளைக்கு அவர் முகத்தைப் பார்ப்பது எப்படி?

“நான் வெரதம் தொரசாணி. காமன் முடியுற வரைக்கும் எறச்சி திங்க மாட்டேன். ருசியும் பாக்க மாட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தவக்காலம், ரொட்டிக்கார நானாவுக்கு நோம்பு. இன்னிக்கி இந்த மலையில கோழி ருசி பாக்க ஆள் இல்லீங்க.”

அவர் தட்டைப் பிடித்தபடியே நின்றார். “அடுத்த வெள்ளி?”

“அப்பவும் வெரதந்தான்.”

“அப்ப உப்பு? மறுபடி கொறவு?”

“இல்லைங்க. சரியா இருக்கும்.”

“எப்படி? நீதான் திங்க மாட்டியே.”

பித்தளைக் கரண்டியை எடுத்துக் காட்டினேன். “இதால மட்டம் தட்டி எவ்வளவு போட்டேன்னு எனக்குத் தெரியும். கொறவுன்னு நீங்க சொல்லிட்டீங்க. அடுத்த வாட்டி மா மடிக்க முந்தி நீங்க ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க. காமன் முடியுற வரைக்கும் எனக்கு நாக்கு நீங்கதான்.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்பது உறைத்தது. ஆயா வாயில் கையை வைத்துக்கொண்டாள். துரைசாணி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. பிறகு தட்டிலிருந்த பெட்டிஸை எடுத்து ஒரு கடி கடித்து, நின்றபடியே மென்று முடித்தார்.

“அரைக் கரண்டி” என்றார். “இன்னும் அரைக் கரண்டி போடணும்.” வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார். “திங்கக்கெழமை வெள்ளனே வா. குசினிக்கு.”

அன்றைக்குப் பீலியில் தலை முழுகும்போது தண்ணீர் ஊசியாகக் குத்தியது. அந்தக் குளிரிலும் நான் அழுதுகொண்டே சிரித்தேன். மகள் துண்டைப் பிடித்துக்கொண்டு, “ஏம்மா?” என்றாள். “நாம எங்கயும் போகல” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை துரைசாணி குசினிக்கு வந்து உள்ளங்கையை நீட்டினார். கலவையில் ஒரு உருண்டை வைத்தேன். மென்றார், கண்ணை மூடினார், தலையாட்டினார். சின்னப் பிள்ளை பிரசாதத்துக்கு நிற்பது போல் துரைசாணி குசினியில் கை நீட்டி நின்றதை ஆயா லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். பீலிக்கரையில் பேசின இரண்டு பேரும் அன்றைக்கு எனக்கு முதலில் குடம் வைக்க இடம் விட்டார்கள்.

பௌர்ணமியும் வந்தது. மன்மதன் எரிந்தான், மூன்றாம் நாள் எழுந்தான். அந்த வருட ரதி புதுப் பையன், அழத் தெரியவில்லை. அவனுக்கும் சேர்த்து நான் அழுதேன். வீட்டில் வளர்த்த சேவலை அடித்து, முதல் தடவையாக என் அடுப்பில், என் சட்டியில் பெட்டிஸ் பொரித்தேன். மகள் மூன்று தின்றாள். தட்டை யாரும் நகர்த்தவில்லை. நோன்புப் பெருநாளன்று நானா அறுத்துக் கொடுத்த கோழியில் அவருக்குச் சொன்னபடி ஒரு சட்டி போயிற்று. மா கொஞ்சம் தடிப்பு என்று குறை சொல்லிவிட்டு எல்லாவற்றையும் தின்றார்.

அக்காவுக்கு ஈஸ்டர் வரை பொறுத்தேன். அன்றைக்குப் பூசை முடிந்து வெள்ளைச் சேலையோடு அவர் வந்து காம்பிரா வாசலில் உட்கார்ந்தார். வாழை இலையில் ஒன்றை வைத்துக் கையில் கொடுத்தேன். எனக்காகப் பாவம் செய்யத் துணிந்த வாய் அது. நாற்பது நாள் கழித்து மெதுவாகக் கடித்தது. நான் நின்றுகொண்டே பார்த்தேன், அந்த வெள்ளிக்கிழமை விறாந்தைக்குக் காது கொடுத்ததை விடவும் கவனமாக.

“என்னாக்கா?”

அவர் வாயில் இருந்ததை முழுசாக மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

“உப்பு சரியா இருக்கு புள்ள” என்றார்.